வக்கிரசேனனுக்கு ஒரு காரணம்

மாரியப்பன்: இல்லீங்க வாத்தியாரே... காரணம் சொல்லாம நாளைக்கு நான் மீசை ஒட்டமாட்டேன்.

வெங்கடாசலம்: என்னடா புதுசா? நாடகத்த எழுதுனவன் நான், ஆடறவன் நீ. போன மாசம் கடத்தூர்ல வக்கிரசேனனா வந்து ஊர்க் கெணத்துல வெசத்தக் கலந்தியே, சனம் வாயப் பொளந்துட்டுப் பாத்துச்சே...

மாரியப்பன்: சாணியும் அடிச்சாங்க. அத வுடுங்க. அதுக்கப்புறம் பொம்மிடிக்குப் பொண்ணு பாக்கப் போனனில்ல...

வெங்கடாசலம்: ம்... போன.

மாரியப்பன்: பொண்ணோட ஆத்தா சொம்பு நெறயத் தண்ணி கொண்டாந்துச்சு. என் மூஞ்சியப் பாத்துச்சு. அப்படியே திரும்பி உள்ள போயிருச்சு.

வெங்கடாசலம்: தாகத்தோடவா வந்த?

மாரியப்பன்: சிரிக்காதீங்க. ‘கெணத்துல வெசம் வெச்சவனுக்கா எம் பொண்ணக் குடுக்கறது’ன்னு உள்ளாற பேசறது எனக்கே கேட்டுது. அந்தப் பொண்ணு ராஜாமணிய எனக்குப் புடிச்சுப் போச்சுங்க. நாளைக்கு ஆட்டம் பொம்மிடியில. அவங்க வூடே முன்னால வந்து குந்தும். வக்கிரசேனன் எதுக்கு வெசம் வெச்சான்னு நாலு வரி எழுதிக் குடுங்க.

வெங்கடாசலம்: கெட்டவன். வெச்சான்.

மாரியப்பன்: காலைல எந்திரிச்சு, பல்லு வெளக்கிட்டு, ‘சரி, இன்னிக்கு வெசம் வெப்போம்’னு எவனாச்சும் போவானா?

வெங்கடாசலம்: பழின்னு வெச்சுக்க. அவங்கப்பன ஊர்க்காரங்க கொன்னுட்டாங்க.

மாரியப்பன்: போன நாடகத்துலயும் அதான். அதுக்கு முந்துனதுலயும் அதான். இன்னும் எத்தன அப்பனுங்களச் சாவடிப்பீங்க?

வெங்கடாசலம்: ராஜா வேசம் போடற எனக்கும் ஒண்ணும் காரணம் இல்லியே, நான் கேட்டனா?

மாரியப்பன்: உங்களுக்கு இருக்குதுங்க. வெசம்னு தெரிஞ்சே கெணத்துல குதிச்சுக் கொழந்தையத் தூக்கறீங்க. நீச்சல் தெரியும், பாக்க ஆளுங்க இருக்காங்க. அதான் காரணம்.

வெங்கடாசலம்: இந்த வாய மேடையில காட்டு... இரு, யோசிக்க வுடு.

மாரியப்பன்: யோசிங்க.

வெங்கடாசலம்: அந்த ஊருக்கு மொதல்ல ஒரே கெணறு. வக்கிரசேனனோடது. எல்லாரும் அங்கதான் வருவாங்க. கொடத்த எறக்கி வெச்சிட்டு அவன்கிட்ட நாலு வார்த்த பேசுவாங்க.

மாரியப்பன்: சரி...

வெங்கடாசலம்: அப்புறம் புதுக் கெணறு வெட்டுனாங்க. ஒருத்தரும் இந்தப் பக்கம் வரல.

மாரியப்பன்: ம்...

வெங்கடாசலம்: அவனுக்கு யார் மேலயும் கோவம் இல்லடா. அந்தத் தண்ணி கெட்டுப்போனா பழையபடி நம்மகிட்டயே வந்துருவாங்கன்னு ஒரு நப்பாசை. தனியாப் போயிருவோமோன்னு பயம்... அவ்ளோதான். என்னடா, நல்லால்லியா?

மாரியப்பன்: நல்லாத்தாங்க இருக்குது. இத்தன நாளா வராதது இப்ப எங்கருந்து வந்துச்சு?

வெங்கடாசலம்: ...மாரியப்பா.

மாரியப்பன்: சொல்லுங்க.

வெங்கடாசலம்: பொண்ணோட அப்பன் ரயில்வே மேஸ்திரி. பாதிப்பேரு பட்டாளத்துல சேந்து சண்டைக்குப் போயிட்டதால தண்டவாள வேலைக்கு ஆள் எடுக்கறாங்க, மருமகனப் பொம்மிடியிலயே வெச்சுக்குவாருன்னு கேள்விப்பட்டேன். நீ போயிட்டா நான் யாரோடடா ஆடறது? அதான்... அவங்களக் கடத்தூருக்கு ஆள் வுட்டுக் கூப்புட்டேன். அவங்க பாக்கட்டும்னுதான் அந்த வெசக் காட்சியையே சேத்தேன். எம் புத்தி கெட்டுப் போச்சுடா. இப்பவே வா, அந்தம்மா கால்ல வுழுந்தாவது சொல்றேன்.

மாரியப்பன்: வேணாங்க. வெத்தல பாக்கு மாத்தி நாலு நாளாச்சு. ஆத்தாவ ராஜாமணியே சரிக்கட்டிருச்சு.

வெங்கடாசலம்: என்னது?

மாரியப்பன்: ரயில்வே வேலையும் வேணாம்னுட்டேன். ஆட்டத்த வுடமாட்டேன்னு சொல்லித்தான் தாம்பூலம் வாங்குனேன்.

வெங்கடாசலம்: அடப்பாவி... ஒரு மாசப் பாரம் இப்பத்தான்டா எறங்குச்சு. அப்புறம் எதுக்குடா இவ்ளோ நேரம் வக்கிரசேனனுக்குக் காரணம் கேட்டு என் உசுர வாங்குன?

மாரியப்பன்: அவனுக்கா கேட்டேன்? உங்களுக்குத்தாங்க கேட்டேன். வெத்தல பாக்கு மாத்துன அன்னிக்கே ராஜாமணி சொல்லிருச்சு... ‘எங்கள ஆள் வுட்டுக் கூப்புட்டு, முன்னால பாய் போட்டு உக்கார வெச்சது அந்த ராஜா வேசக்காரருதான். வெசம் எதுக்குன்னு அவரக் கேளுங்க’ன்னு.