முதலில் சாக்ஸைக் கழற்றுங்கள்

மேடையில் அமர்ந்திருக்கும் மருத்துவமனை முதல்வர் அவர்களே, அறுவைச் சிகிச்சைத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் அழுது ஓய்ந்திருக்கும் டாக்டரின் துணைவியார், எங்கள் அண்ணி அவர்களே, நெஞ்சு கனக்க வந்திருக்கும் நண்பர்களே!

மூட்டுவாதப் பிரிவின் தலைமை மருத்துவர், பேராசிரியர், நம் எல்லோருக்கும் ‘சாக்ஸ் டாக்டர்’, இனி வரமாட்டார். இருபத்தோரு ஆண்டுகள் அவருடைய வார்டில் தலைமைச் செவிலியாக இருந்த நான், பாராட்டிப் பேச மட்டும் வரவில்லை. என் தவறு ஒன்றையும் சபையில் சொல்ல வந்திருக்கிறேன்.

ஏன் அந்தப் பட்டப்பெயர்? விரல் மடங்கவில்லை என்று வந்தாலும், “மொதல்ல சாக்ஸைக் கழட்டுங்க” என்பார். கைவலிக்கு வந்தவரிடம் காலைப் பார்க்கிறாரே என்று நாங்களே கேலி செய்திருக்கிறோம். மூட்டுவாதம் முற்றினால் சிலருக்கு ரத்தக்குழாய்களும் அழற்சி கண்டு அடைபடும். அதன் தடயம் நக ஓரத்தில் கடுகளவு கறுப்பாக நிற்கலாம். அதைத்தான் அவர் தேடினார்!

நான்கு ஆண்டுகளுக்கு முன் எங்களிடம் மூட்டுவாதத்துக்கு மருந்து சாப்பிடும் தையல்கார அக்கா ஒருவர் கணுக்கால் புண்ணோடு வந்தார். சாதாரணப் புண் என்று நினைத்து, விரல் நுனிவரை மூடிக் கட்டினேன். இரண்டு நாள் பிரிக்கவில்லை. டாக்டர் வந்தார். “கட்டு ரொம்ப அழகா இருக்கு சிஸ்டர். உள்ள என்ன இருக்கு?” என்றார்.

பிரித்தோம். இரண்டு விரல்கள் கறுத்திருந்தன!

“பாதத்தை எடுத்துடலாம். கிருமியா இருந்தா, அழற்சிக்கு நீங்க குடுக்கிற ஸ்டீராய்டு ஆளையே சாச்சிடும்” என்றார் அறுவைத் தலைவர்.

“குழாய் அழற்சியா இருந்தா உங்க கத்தி ஒரு பாதத்தோட நிக்காது” என்றார் இவர்.

யார் சொன்னது தவறு? இருவர் சொன்னதும் சரிதான்! தோல் துணுக்கு பரிசோதனைக்குப் போனது. மறுநாள் மதியம்வரை இவர் கட்டிலருகே ஸ்டூலில் உட்கார்ந்து, மணிக்கொரு தரம் பாதத்தின் நாடியைத் தொட்டுப் பார்த்தார். தொலைபேசி வந்தது. அழற்சிதான்! உடனே மருந்து ஏறியது. விரல்கள் இரண்டும் போயின, பாதம் பிழைத்தது. என்னைத் திட்டினாரா? இல்லை. “இனிமே நகம் தெரியுற மாதிரி கட்டுங்க” என்றார், அவ்வளவுதான்.

அவர் பணியைத் தொடர்வோம் என்று இங்கே உறுதி சொல்ல வேண்டும். சொல்கிறேன். ஆனால் அந்த அக்கா மூன்றாம் வரிசையில் இருக்கிறார். அவர் உள்ளே வரும்போது பார்த்தேன்: இடது பாதம் புதிதாகத் தரையில் இழுபடுகிறது; பழைய அழற்சி திரும்பி நரம்பைத் தாக்கினால் இப்படித்தான் தொடங்கும்.

முதல்வர் அவர்களே, பொறுத்தருளுங்கள், என் உரை முடிந்தது. அறுவைத் தலைவர் அவர்களே, நீங்களும் பக்கத்து அறைக்கு வாருங்கள்.

அக்கா, கூட்டம் முடியட்டும்னு சொல்லாதீங்க. மொதல்ல சாக்ஸைக் கழட்டுங்க.