அண்ணனின் முழங்கை

கோட்டில் கஷ்டமான இடம் கைதான், டாக்டரம்மா. உடம்பை யார் வேண்டுமானாலும் தைத்துவிடலாம். தொங்கும்போது அழகாக இருக்கும் கை, போட்டவர் முழங்கையை மடக்கியதும் கசங்கிய காகிதப் பை மாதிரி ஆகிவிடும். கடைப் பொம்மைக்கு முழங்கை மடங்காது. இருபது வருடமாகக் குத்துமதிப்பாகத் தைத்துத் திட்டு வாங்கிக்கொண்டிருந்தேன்.

அண்ணன் ஏணியிலிருந்து விழுந்ததில் எனக்குப் பங்கில்லை; அதை எழுதிக்கொள்ளுங்கள். தலையில் அடிபட்டு ஒரு மாதம் நினைவில்லாமல் கிடந்தார். எழுந்தபோது இடது கை நடுங்கியது, வலது முழங்கை மடங்கியபடியே நின்றுவிட்டது. மூளையில் அடிபட்ட சிலருக்குத் தசைக்குள் எலும்பு முளைக்கும் என்று நீங்கள்தான் படம் காட்டி விளக்கினீர்கள். அது முற்றியதும் வெட்டியெடுக்கலாம், போனில் தேதி சொல்கிறோம் என்றீர்கள்.

வீட்டுக்கு வந்த மறுவாரம் அவர்மேல் ஒரு கோட்டைச் சும்மா போட்டுப் பார்த்தேன். அசையாத முழங்கை. அச்சாகப் பொருந்தியது. அதை வாங்கிப்போனவர் நண்பர்கள் நாலு பேரோடு திரும்பி வந்தார். அதன்பின் அண்ணன் காலை பத்து முதல் ஒன்று வரை, மூன்று முதல் ஏழு வரை நிற்பார். குண்டூசி இரண்டொரு தடவை உள்ளே போயிருக்கும். ஞாயிறு விடுமுறை கொடுத்தேன்.

"டேய், ஆஸ்பத்திரியிலேர்ந்து போன் வந்துச்சாடா?" என்று தினமும் கேட்பார். "என் கையால ஒரு வாய் சாப்பிடணும்டா. நீ ஊட்டினா பாதி மூக்குக்குள்ள போகுது."

"வரும்ணே. அசையாம நில்லு, தோள் இறங்குது பாரு."

போன் வந்தது. முதல் முறை, காய்ச்சல் என்றேன். அடுத்த முறை, வெளியூர் போயிருக்கிறார் என்றேன். மூன்றாம் முறை பேசிய பெண் விடுவதாக இல்லை. எனக்கோ கோட்டு பாதியில் நின்றது. அண்ணன் தவறிவிட்டார் என்று சொல்லிவிட்டேன். அந்தப் பெண் அழுதாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

நேற்று அவரே இங்கு வந்து நின்றதும், "நீங்க இறந்துட்டதா இருக்கே சார்" என்று கவுண்டரில் சொன்னதும் உங்களுக்குத் தெரியும்.

ஆமாம், எல்லாம் நான்தான். ஏழு மாதம் அவர் கையை நீட்டவிடாமல் வைத்திருந்தேன். பொம்மையாக நடத்தினேன் என்று அவர் சொன்னாராம். அது மட்டும் தவறு. பொம்மைக்கு நான் ஊட்டிவிட்டதில்லை.

ஆபரேஷனைத் தாராளமாகச் செய்யுங்கள். ஒரே ஒரு சந்தேகம்: அந்த எலும்பை இடது கையில் வளர்க்க வழி உண்டா? கை நடுக்கம் நின்றுவிட்டால் அவருக்கே ஒரு நல்ல கோட்டு தைத்துக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன்.