இரவல் போர்டு

கலியாண வீடியோவை யாரும் இரண்டாவது தடவை பார்ப்பதில்லை. முதல் தடவையே பாதியில் யாராவது சாப்பிடக் கூப்பிட்டுவிடுவார்கள். இதைக் குறையாகச் சொல்லவில்லை, சார்ஜன். தொழிலில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

பழுதான ஹார்ட் டிஸ்க்கிலிருந்து கோப்புகளை மீட்டுக் கொடுப்பது என் வேலை. பிரிக்பீல்ட்ஸில் பூமாலைக் கடைக்கு மேல்மாடியில் ஓர் அறை வைத்திருக்கிறேன். அதற்கு முன் தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் இரவு ஷிப்டு. சர்க்யூட் போர்டுகளைப் பார்த்து நல்லதை ஒரு பக்கமும் கெட்டதை ஒரு பக்கமும் போட வேண்டும். போலிடெக்னிக்கைப் பாதியில் விட்டவனுக்கு அந்த வேலை பொருத்தமாக இருந்தது. இரவு ஷிப்டில் கிடந்து கிடந்து மனிதர்களோடு பழகவே எனக்குத் தெரியாமல் போய்விட்டது என்று அம்மா சொல்வார். எனக்கு அதில் நஷ்டம் ஒன்றும் தெரியவில்லை.

வாக்குமூலத்தை ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னீர்கள். ஆரம்பம் இராஜம்மா.

கிள்ளானிலிருந்து வந்தார். முறுக்கு டப்பாவுக்குள் துண்டில் சுற்றி ஒரு கறுப்பு டிரைவ் கொண்டுவந்திருந்தார். பார்த்ததும் கண்டுகொண்டேன். கிள்ளானில் கலியாண வீடியோ எடுக்கும் கார்த்திகேசு, வெட்டி ஒட்டிய படத்தோடு, வெட்டாத முழுப் பதிவையும் இப்படி ஒரு டிரைவில் போட்டுக் கொடுப்பார். பெட்டி பெட்டியாக மொத்தத்தில் வாங்கியவை. எல்லாம் ஒரே மாடல்.

"மவன் லேப்டாப் வயர இதுல சொருகிட்டான் தம்பி. டுப்புன்னு ஒரு சத்தம். அப்புறம் பேச்சு மூச்சு இல்ல."

"உள்ள என்ன ஆன்டி இருக்கு?"

"வெளக்கு."

மகள் கலியாணத்தில், மணவறையில் வைத்த வெள்ளிக் குத்துவிளக்கு காணாமல் போய்விட்டதாம். எடுத்தது சம்பந்தியம்மா என்பது இராஜம்மாவின் முடிவு. அன்றிலிருந்து இரு வீட்டுக்கும் பேச்சு இல்லை. இப்போது மகளுக்கு வளைகாப்பு வருகிறது.

"எல்லாரும் வந்து ஒக்காரட்டும். டிவில போட்டுக் காட்டிட்டுத்தான் புள்ளைக்கு வளையல் போடுவேன்."

டிரைவைத் திருப்பினால் அடியில் பாதி உள்ளங்கை அளவுக்கு ஒரு போர்டு இருக்கும். அதற்கு வேண்டியது பன்னிரண்டு வோல்ட். லேப்டாப் அடாப்டர் கொடுத்தது பத்தொன்பது. மோட்டாரைச் சுற்றும் சிப் வெந்து போயிருந்தது. உள்ளே தகவல் இருக்கும் தட்டுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. இந்த மாதிரி நேரத்தில் அதே மாடலில் நன்றாக ஓடும் வேறொரு டிரைவின் போர்டைக் கழற்றி இதில் மாட்ட வேண்டும். சும்மா மாட்டினால் ஓடாது. ஒவ்வொரு டிரைவுக்கும் அதற்கே உரிய அளவுகள் ஓர் எட்டுக் கால் சிப்பில் இருக்கும். அதை வெந்த போர்டிலிருந்து சூடுகாட்டி எடுத்துப் புதிய போர்டில் ஒட்ட வேண்டும். போர்டு கொடுக்கும் டிரைவை, கிட்னி கொடுப்பவரைச் சொல்வதுபோல, டோனர் என்போம். ஆஸ்பத்திரியில் டோனரிடம் கையெழுத்து வாங்குவார்கள். எங்கள் தொழிலில் அந்த வழக்கம் இல்லை.

அந்த மாடல் கடைகளில் நின்றுபோய்விட்டது. சீனாவிலிருந்து வரவழைத்த போர்டில் வெளியே எண் சரியாக இருந்தது, உள்ளே சிப் வேறு. ஆகவே டோனர் இருக்கும் இடம் ஒன்றுதான். கார்த்திகேசு வீடியோ எடுத்த இன்னொரு வீடு.

அவருடைய ஃபேஸ்புக் பக்கத்தில் தேடினேன். சுங்கை வேயில் விஷ்ணுப்ரியா, தனேஷ் என்று ஒரு ஜோடி. 'பார்த்ததும் பிடித்துப்போய் என்னைத் தேடி வந்தவர்' என்று கலியாணப் படத்தின் கீழே அந்தப் பெண் எழுதியிருந்தார். எல்லாப் படங்களிலும் சந்தோஷமாக இருந்தார்கள். சந்தோஷமாக இருப்பவர்கள் பழைய வீடியோவைத் தேடமாட்டார்கள் என்று கணித்தேன். கணிப்பு தவறு. அதை ஒப்புக்கொள்கிறேன்.

ஸ்டூடியோவிலிருந்து டிரைவைச் சோதிக்க வந்திருக்கிறேன் என்று போய் நின்றேன்.

"கார்த்திகேசு அங்கிள் அனுப்புனாரா? ஃபிரீயாவா?" என்று விஷ்ணுப்ரியா கேட்டார்.

"ஃபிரீதான்."

சோபாவில் படுத்திருந்த தனேஷ் சிரித்தார். "ஏமாத்து வேல லா. இந்த ஊர்ல யாரு பாஸ் ஃபிரீயா வந்து பாக்குறா?"

"நீங்க சும்மா இருங்க. அண்ணே, பாருங்கண்ணே. தே போடவா?"

தேநீர் குடித்தேன். டிரைவை என் மடிக்கணினியில் மாட்டி ஒரு கோப்பை நகல் எடுத்தேன். போர்டு நல்ல போர்டா என்று தெரிய அதுதான் சரியான சோதனை. பிறகு தூசி தட்டும் கருவி காரில் இருக்கிறது என்று சொல்லிக் கீழே போனேன். ஆறு ஸ்குரூ. அவர்களுடைய போர்டு என் பைக்கு வந்தது, சிப்பை முன்பே எடுத்துவைத்திருந்த இராஜம்மாவின் வெந்த போர்டு அவர்கள் டிரைவுக்குப் போனது. எண்ணிக்கையில் குறைவில்லை. மறுநாளே மாற்றி வைத்துவிடுவதாகத்தான் எண்ணம். கடைக்கு வந்ததும் அவர்களுடைய எட்டுக் கால் சிப்பைப் பெயர்த்து ஒரு மாத்திரை டப்பாவில் போட்டு, 'சுங்கை வே' என்று மேலே எழுதினேன். பொறுப்பில்லாதவன் இதையெல்லாம் செய்யமாட்டான்.

இராஜம்மாவின் டிரைவ் முதல் தடவையே சுற்றியது. செய்தி சொன்னதும் பிளாஸ்டிக் பையில் பொங்குஸ் பண்ணி முடிச்சுப் போட்ட ஐஸ் தேயோடு மாடியேறி வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்தார். நகல் ஓடத் தொடங்கியிருந்தது. கூட்டம் சாப்பிடப் போன நேரத்தில் முக்காலியில் நின்ற கேமரா தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்த பகுதியைத் திறந்து காட்டினேன்.

மணவறையில் யாரும் இல்லை. ஒரு பெண் வருகிறார். விளக்கைத் துண்டில் சுற்றுகிறார். ஐஸ் பெட்டிக்குள் வைத்து மூடி, கார் சாவியோடு நின்ற ஓர் ஆளிடம் கொடுத்து, "பத்திரம், காடிலயே இருக்கட்டும்" என்கிறார். ஒலி தெளிவாக இருந்தது.

"அது என் பொடவ மாதிரி இருக்கு," என்றார் இராஜம்மா.

"மொகமும் உங்க மொகம்தான், ஆன்டி."

"அந்த ஐஸ் பெட்டி காஜாங்ல தம்பி வீட்டு ஸ்டோர்ல கெடக்கு. அய்யய்ய, நாந்தான் குடுத்து விட்டேன். மறந்தே போச்சு." தே பையை மேசைமேல் வைத்தார். "சம்பந்தியம்மாகிட்ட நான் மன்னிப்புக் கேக்கணுமா?"

"அது உங்க விருப்பம்."

தே பையை எடுத்து, முடிச்சை அவிழ்த்து, ஓடிக்கொண்டிருந்த டிரைவின்மேல் நிதானமாக ஊற்றினார். ஐஸ் வரைக்கும் ஊற்றினார்.

"கை தவறிடுச்சு தம்பி."

எனக்குக் கோபம் வரவில்லை. நானும் அப்படித்தான் யோசித்திருப்பேன். ஆனால் சுங்கை வே போர்டு போய்விட்டது. சர்க்கரைத் தண்ணீர் போர்டுக்கு நல்லதல்ல.

அன்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்த எண்ணுக்கு அடுத்த வாரமே விஷ்ணுப்ரியா கூப்பிட்டார். "அண்ணே, டிரைவ் ஓப்பன் ஆகல. சனிக்கெழம எங்க கலியாண நாளு. ரெஸ்ட்ராண்ட்ல ப்ரொஜெக்டர்ல போடலாம்னு அவரு எல்லாரையும் கூப்ட்டுட்டாரு. பாத்துக் குடுங்கண்ணே."

பிரச்சினையை நான் இரண்டாகப் பிரித்துப் பார்த்தேன். சனிக்கிழமைக்குள் ஒரு போர்டு வேண்டும். அல்லது சனிக்கிழமை அந்த விருந்து நடக்கக்கூடாது. போர்டுக்கு எவ்வளவோ முயன்றேன், கிடைக்கவில்லை. அந்த முயற்சியை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

அவர்கள் வீட்டில் சோதனைக்காக நகல் எடுத்த கோப்பு என்னிடம் இருந்தது. மாப்பிள்ளை சட்டையில் மாட்டிய மைக்கின் பதிவு. மாட்டிய பிறகு அது ஓடுகிறது என்பதை எந்த மாப்பிள்ளையும் நினைவில் வைத்திருப்பதில்லை. முகூர்த்தத்துக்கு முன் அறையில் நண்பரிடம் தனேஷ் சொல்கிறார்: "மொதல்ல இவ அக்காவத்தான் மச்சான் கேட்டோம். அந்தப் பொண்ணு என் போட்டோவப் பாத்தே வேணான்னுருச்சு. அப்புறந்தான் இவளக் காட்டுனாங்க."

அதை வேறோர் எண்ணிலிருந்து விஷ்ணுப்ரியாவுக்கு அனுப்பினேன். பெரிய கோப்பு போனில் போக நேரமாகும் என்பதால் கொஞ்சம் சுருக்கினேன். மேலே கீழே ஒரு வார்த்தை எழுதவில்லை. நான் யார் குடும்பத்தைப் பற்றியும் கருத்துச் சொல்பவன் அல்ல.

விருந்து நடக்கவில்லை. அந்தப் பெண் காஜாங்கில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். எனக்கு ஒரு பாரம் இறங்கியது. இனி அந்த டிரைவை யாரும் திறக்கமாட்டார்கள் என்று நினைத்தேன்.

போனில் இடம் கேட்டுக்கொண்டு தனேஷ் கடைக்கு வந்தார். சவரம் செய்யாத முகம். கையில் அந்த டிரைவ்.

"அண்ணே, அன்னைக்கு ஒங்கள ஏமாத்து வேலன்னு கிண்டல் பண்ணேன். மனசுல வச்சுக்காதீங்க."

"பரவால்ல."

"எவனோ ஒரு நாயி பாதிய மட்டும் வெட்டி அனுப்பிருக்கான். நான் அதுக்கப்புறம் ஒண்ணு சொன்னேண்ணே. சத்தியமா சொன்னேன். அவ நம்பமாட்டேங்குறா. முழுசா காதால கேட்டாத்தான் வருவேங்குறா. கார்த்திகேசு அங்கிள் அவரு காப்பிய அழிச்சிட்டாராம். இதுக்குள்ள மட்டுந்தான் இருக்கு."

"யாரு அனுப்புனான்னு தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சா அவன் கைய ஒடைக்கமாட்டேனா?" கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எடுத்துக் குடுங்கண்ணே. ஒங்கள விட்டா எனக்கு ஆளு இல்ல."

ஒரு வாடிக்கையாளர் அப்படிச் சொல்லும்போது மறுக்க எனக்கு மனம் வரவில்லை. மாத்திரை டப்பாவில் சிப் பத்திரமாக இருந்தது. டிரைவின் தட்டுகளில் ஒரு கீறல் இல்லை. ஒரு போர்டு கிடைத்துவிட்டால் ஒரு குடும்பம் சேர்ந்துவிடும். அதற்காகத்தான் நேற்று கிள்ளானில் உஷாராணி என்பவர் வீட்டுக்குப் போனேன். மிக மரியாதையான வீடு. நான் ஸ்குரூவைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது அந்த அம்மா நன்றி சொல்வதற்காகக் கார்த்திகேசுவுக்கே போன் போட்டுவிட்டார். 'நான் யாரையும் அனுப்பலையே' என்று அவர் சொன்னது எனக்கே கேட்டது. அந்த அம்மாவின் கணவர் எழுந்து வாசல் கிரில்லைப் பூட்டினார். பூட்டிவிட்டு, "போலிஸ் வர நேரமாகும், சாப்டீங்களா?" என்று கேட்டார். இடியாப்பம் கொடுத்தார்கள். நன்றாக இருந்தது.

மீதிப் பாதியில் என்ன இருக்கிறது என்று கேட்கிறீர்கள். எனக்கு மனப்பாடம். "ஆனா மச்சான், அவங்க அக்கா வேணான்னு சொன்னதுக்கு நான் மாரியம்மனுக்கு நூத்தியெட்டுத் தேங்கா ஒடைக்கணும்டா. இவ வந்து முன்னால நின்னா பாரு, எனக்குப் பேச்சே வரல. வேற எவளையாவது கட்டிருந்தா நான் வீணாப் போயிருப்பேன்." அதன் பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம். நண்பர், "அழாதடா, பவுடர் கலையுது" என்கிறார். அத்தோடு பதிவு முடிகிறது. நான் சுருக்கியது அந்த இடத்தை.

அந்த முழுப் பதிவு இப்போது எங்கே என்றால், உங்கள் மேசைமேல் பறிமுதல் செய்து வைத்திருக்கிறீர்களே, என் மடிக்கணினி, அதற்குள். ஆமாம், தனேஷ் வந்து அழுதபோதும் அதற்குள்தான் இருந்தது. அதன் மூடிமேல்தான் அவர் கையை ஊன்றிக்கொண்டிருந்தார். எடுத்துக் கொடுத்திருக்கலாமே என்பீர்கள். கொடுத்தால் முதல் பாதி யாரிடமிருந்து போனது என்று கேட்டிருப்பார். அது மட்டும் காரணமல்ல. அவர் என்னிடம் தந்தது பழுதான டிரைவ். அதைச் சரிசெய்துதான் கோப்பை எடுத்துத் தர வேண்டும். கைவசம் இருக்கும் நகலை நீட்டிவிட்டு, டிரைவிலிருந்து மீட்டேன் என்று சொல்வது பொய். பொய் சொல்லிப் பெயர் வாங்கும் பழக்கம் என்னிடம் இல்லை.

அந்தப் பெண் காஜாங்கிலிருந்து திரும்பி வர வேண்டும் என்ற அக்கறை இந்த அறையில் எனக்குத்தான் இருக்கிறது போலிருக்கிறது. ஒரு போர்டு, அவ்வளவுதான் தடை. சற்று முன் வாசலில் கான்ஸ்டபிளிடம், "எங்க கலியாணத்துக்கும் கார்த்திகேசுதான் லா" என்று நீங்கள் சொன்னது காதில் விழுந்தது. நான் பேச ஆரம்பித்ததிலிருந்து உங்கள் மனைவி கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். நீங்கள் ஒரு தடவைகூட எடுக்கவில்லை. அதைப் பற்றி எனக்குக் கருத்து எதுவும் இல்லை.

உங்கள் டிரைவ் வீட்டில் எந்த அலமாரியில் இருக்கிறது, சார்ஜன்?