நீராவி பற்றி ஒரு வரி

உங்கள் நாற்காலி ஆடுகிறது. ஒரு காலுக்கு அடியில் அட்டையை மடித்து வைத்தால் நின்றுவிடும். எதைப் பார்த்தாலும் சரிசெய்யத் தோன்றுவது என் தொழில் தந்த புத்தி.

எங்கள் பாய்லர் பராமரிப்புக் கையேட்டை மெக்கானிக்குகள் நாற்பது பேர் சேர்ந்து எழுதுகிறோம். ஆளுக்கொரு பிரதி அவரவர் கணினியில் இருக்கும். யார், எந்த வரியை, என்றைக்கு மாற்றினார் என்பதை அதுவே குறித்துக்கொள்ளும். எந்தத் திருத்தமும் நான் ஒப்புக்கொண்டால்தான் பொதுப் பிரதியில் சேரும்.

மூடி திறக்கும் அத்தியாயம் முழுக்க என்னுடையது. ஒன்பது வருடமாக ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் என் பெயர்தான். குற்றம் பார்க்கில் சுற்றம் இல்லை என்பார்கள். அதில் குற்றம் பார்த்தவர் என் தங்கையின் கணவர். திருத்தம் அனுப்பியதோடு நிற்காமல், பட்டறையில் பத்துப் பேர் முன்னால் கேட்டார்.

"மச்சான், புது மாடல்ல பிரஷர் கேஜ் ஜீரோ காட்டினாலும் உள்ள நீராவி நிக்குது. மேல் வால்வைத் திறந்து பாத்துட்டுத்தான் மூடியில கை வைக்கணும். அந்த ஒரு வரியைச் சேத்துருங்களேன்."

"எழுதினதைச் செய்யுங்க மாப்பிள்ளை. எழுதாததை நான் பாத்துக்கறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அவர் சொன்னது சரி என்று எனக்கு அப்போதே தெரியும். 'தேவையில்லை' என்று குறிப்புப் போட்டு நிராகரித்தேன். கையேட்டில் இல்லாததைச் செய்தால் விளக்கம் எழுதித் தர வேண்டும் என்பது எங்கள் விதி. முன்பு ஒருமுறை அவரிடம் நானே எழுதி வாங்கியிருக்கிறேன்.

அதிலிருந்து பதினாறாம் நாள் கேஜ் ஜீரோ காட்டியது. கையேட்டில் எழுதியிருந்தபடியே மூடியைத் திறந்தார். முகத்தை வைத்து அடையாளம் சொல்ல முடியவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்து நான்தான் சொன்னேன். நல்ல மனிதர். அன்று நான் அழுதது நடிப்பில்லை.

விசாரணைக்கு வருகிறார்கள் என்றதும், அவர் எழுதிய வரியை அப்படியே எடுத்து, என் பெயரில், இரண்டு மாதம் முந்தைய தேதியிட்டுச் சேர்த்தேன். அவர் அனுப்பிய திருத்தத்தை அழித்தேன். கையேட்டின் பொறுப்பாளன் என்பதால் எனக்கு அதற்கு வழி உண்டு. நாற்பது பேர் நம்பும் கையேடு, அதன் பெயர் கெடலாமா? 'ஊழியரின் கவனக்குறைவு' என்று அறிக்கை வந்தது.

ஒரு வாரம் கழித்துத் தங்கை அவருடைய கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அந்தப் பிரதியில் அந்த வரி அவர் பெயரிலேயே இருந்தது.

"அண்ணா, இதை இவரே எழுதி வச்சிருக்காரே. எழுதினவருக்குச் செய்யத் தோணலையா?"

"நான் எழுதினதைப் பாத்து எழுதிப் பழகியிருக்காரும்மா."

"அப்போ தெரிஞ்சேதான் திறந்திருக்காரு. எங்களை நினைச்சே பாக்கல."

அன்றைக்கே அவர் படத்தைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டாள். நான்தான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன்.

கணினி நிறுவனத்துடையது என்று திருப்பிக் கொடுத்தாள். அப்படித்தான் உங்கள் மேஜைக்கு வந்திருக்கிறது. இரண்டு மாதம் முன்பே நான் சேர்த்ததாகக் காட்டிய வரி அந்தப் பிரதியில் என் பெயரில் எங்கேயும் இல்லை என்பதை அவள் கவனிக்கவில்லை. நீங்கள் கவனித்துவிட்டீர்கள். ஆமாம், எல்லாம் நான் செய்ததுதான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன்.

தங்கையிடம் மட்டும் சொல்லாதீர்கள். நம்பிச் சாய்ந்துகொள்ள, என்னை விட்டால் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?