பொங்கலுக்குச் சொல்லப் போனவர்கள்

புளியங்குளத்தில் யாழ்ப்பாண பஸ் ஏறினேன். முன் ஆசனத்தில் ஒரு கமக்காரரும் மனைவியும், மடியில் வெற்றிலைத் தட்டத்தோடு. குடியேற்றக் காணியின் முதல் விளைச்சலில் பொங்கப் போகிறார்களாம். தம்பி வன்னிக் காட்டுக்குக் குடிபோகிறான் என்று கோபித்துப் பேச்சை விட்ட, கமக்காரரின் அண்ணரை அழைக்கத்தான் இந்தப் பயணம்.

“‘அண்ணை, பெருவிழா வைக்கிறன்’ எண்டு சொல்லட்டே?” என்று மனைவியைக் கேட்டார்.

“விழா கோயிலுக்கப்பா. எங்கட வீட்டிலை கொடியேத்தமோ?”

“அப்ப, கொண்டாட்டம்?”

“அது கலியாண வீட்டுக்காரர் சொல்லுறது.”

“வன்னியிலை எனக்கு நல்ல புகழ் எண்டு...”

“புகழ் கோயில்லை இருக்கிற அம்மாளாச்சிக்கு. நெல்லைத் தந்தது அவா. உங்களுக்கு நல்ல பேர் மட்டும் காணும். அதையும் நீங்களாச் சொல்லாதேங்கோ, புளுகுறான் எண்டுவார்.”

“அப்ப என்னத்தைத்தான் சொல்லுறது?”

“‘பொங்கிறம், வாங்கோ’ எண்டுங்கோ.”

பளையில் அவர்கள் இறங்கியபோது அதே முகச்சாயலில் அண்ணர் ஒரு கடை வாசலில் நின்றார். அம்மாளாச்சியை நினைத்துக்கொண்டு யன்னலால் பார்த்தேன். தம்பி தட்டத்தை நீட்டினார். மனைவிதான், “பொங்கிறம், வாங்கோ” என்றாள்.

அண்ணர் தம்பியை இழுத்துக் கட்டிக்கொண்டார்.

“பிறத்தியாருக்குப் போலை எனக்கே வெத்திலை வைச்சுச் சொல்லுறியோடா? நான் வராமல் ஆர் பானை வைக்கிறது?”