தாயோடு சேர்த்து எடை பார்த்த டாக்டர்

அவைத் தலைவர் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் மருத்துவப் பெருமக்களே, மாமல்லபுரம் குப்பத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திருக்கும் தாய்மார்களே!

நான் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். மறைந்த நம் டாக்டர் சுலைமான் அவர்களுக்கு அடுத்த வீட்டுக்காரன். இப்போது அந்த வீடு பூட்டிக் கிடக்கிறது.

எல்.எம்.பி. என்ற அந்தக் காலத்துச் சின்ன வைத்தியப் படிப்பைப் படித்து இந்தச் செங்கற்பட்டில் பதினைந்து வருஷம் வைத்தியம் பார்த்தவர். அந்தப் படிப்பும் கைராசியும் போதாதா? நாற்பத்திரண்டு வயதில் மறுபடி ஏன் சென்னைக்குப் படிக்கப் போனார்? காரணத்தை அவர் யாரிடமும் மறைத்ததில்லை. நானும் மறைக்கப் போவதில்லை.

குப்பத்து ஆதியம்மாள் தன் மகனுக்கு வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கேட்டு வந்தாள். எடை பார்க்க விடவில்லை. "இன்னா டாக்டரே, மீனாட்டம் எம்புள்ளய நிறுக்கறே? கண்ணு பட்டுப்பூடும்!" என்றாள். டாக்டர் சிரித்தபடி கண்ணாலேயே மதிப்பிட்டார். கன்னம் உப்பிய பிள்ளை. அந்த எடைக்கு மருந்தைக் கொடுத்துவிட்டார். அது சதையல்ல, சத்தில்லாமல் வந்த வீக்கம். மருந்து அளவு மிஞ்சிப் பிள்ளை பிழைக்கவில்லை.

"பெரியவங்க மருந்தப் பாதியாக்குனா புள்ளைங்க மருந்துன்னு நெனச்சிகினு இருந்தேன், வாத்தியாரே" என்றார். வாசல் போர்டைக் கழற்றினார்.

முதலில், எல்.எம்.பி. படித்தவர்களுக்கென்று இருந்த குறுகிய கால எம்.பி.பி.எஸ்.; அதன் மேல், குழந்தை மருத்துவத்துக்கென்றே உள்ள டிப்ளமா. நாலு வருஷம்! விடுதிப் பையன்கள் முதல் நாளே, "இன்னா நைனா, புள்ளயச் சேக்க வந்தீங்களா?" என்றார்களாம். வார்டில், வாய் திறந்து சொல்லத் தெரியாத நோயாளியின் அழுகையில் பசி எது, வலி எது என்று பிரிக்கக் கற்றார். ஞாயிறுதோறும் ரயிலில் வருவார். நான் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்பேன். ஒன்றரை வயதில் எத்தனை பவுண்டு இருக்க வேண்டும்? அதற்கு மருந்து எத்தனை துளி? மருத்துவம் எனக்குப் புரியாது. கணக்கை மட்டும் திருத்துவேன்.

படித்து வந்த முதல் வியாழக்கிழமையே குப்பத்துக்குப் போனோம். என் மடியில் எடை மெஷின். யாரும் பிள்ளையைத் தரவில்லை. கடைசியில் ஆதியம்மாள் கைக்குழந்தையோடு வந்து நின்றாள்.

"உன்னைத்தாம்மா நிறுக்கப் போறேன். புள்ளய எறக்காம ஏறு" என்றார் டாக்டர்.

ஏறினாள். பிறகு குழந்தையை என்னிடம் தந்துவிட்டுத் தனியாக ஏறினாள். நான் மனத்துக்குள் கழித்துக்கொண்டிருந்தபோது அவள் சொன்னாள்: "எனக்குத் தெரியாதா வாத்தியாரே? மீனு கூடையில கூடையக் கழிச்சிகினு விக்கறவதான நானு? பாத்துக்கோங்க. இந்தப் புள்ளயாவது நிக்கட்டும்."

டாக்டர் முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டார். அந்தப் பிள்ளை இதோ, முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறான்!

குழந்தைகளுக்கென்று படித்தவர் நம் பக்கத்தில் இனி யார் இருக்கிறார்கள்? வியாழன்தோறும் நாங்கள் இருவரும் குப்பத்துக்குப் போய்வந்தோம்; வரும் வியாழக்கிழமையும் நான் பஸ் ஏறுவேன், தனியாக. மருந்து கொடுக்க எனக்கு உரிமையில்லை. எடை பார்ப்பேன், நோட்டில் எழுதுவேன், இளைத்த பிள்ளையை ஆஸ்பத்திரிக்கு அழைத்து வருவேன். அதற்கு மேல் என்னால் ஆகாது.

பெற்றோர்களே! டாக்டருக்குப் படிக்கும் உங்கள் பிள்ளைகளை ஒரு பட்டத்தோடு நிறுத்திவிடாதீர்கள். சுலைமான் படித்த புத்தகம் என் மேசைமேல் இருக்கிறது. அதைப் படிக்கப் போகிறவர் யாராக இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வாருங்கள். கேள்வி கேட்க நான் இருக்கிறேன்.