அவரைப் பந்தலுக்கு எந்த எரு?

— பட்டு அவிச்ச சவுக்காரத் தண்ணியப் போயி யாராவது அவரைக்கு ஊத்துவாங்களா அமலி? அதுவும் முதலாளி வூட்டுலர்ந்து நாலு குடம் சுமந்துகினு வந்து! வேரே வெந்து போச்சு பாரு.

— பட்டுப் புழு வயித்துலர்ந்து வந்த பசைதானே அதுல கரைஞ்சு கெடக்குது? சாணி மாதிரி அதுவும் எருதான்னு நெனச்சிட்டேங்க.

— நெனச்சியே! அவரை, கீரை, பூசணி, ஒண்ணு மிச்சமில்ல. பட்ட கால்லயே படும்னு சும்மாவா சொன்னாங்க? ரெண்டு மாசமா நம்ம தறியில பாவு ஏறல, நெய்ய வேலையில்ல. இந்தத் தோட்டந்தான் ரெண்டு புள்ளைங்க உசுரையும் புடிச்சி வெச்சிருந்தது. ஒரே பேஜாரு.

— திட்டுனது போதுங்க, கேட்டுக் கேட்டு ஓஞ்சுட்டேன். முனியம்மாக்கா வூட்டு மாட்டாண்ட தெனம் ஒரு கூடை சாணி அள்ளிகினு வாங்க. கரைச்சு ஊத்தலாம். கீரையாவது ஜல்தியா எழுந்துக்கும்.

— சாணி வாணாம். முள்ளிப்பட்டுல ஆட்டுப் புழுக்கை ரெண்டு வண்டி கேட்டிருக்கேன். ஆழமா குழி வெட்டி, தழையும் போட்டு மூடிட்டா, மூணு வருசத்துக்குத் திரும்பிப் பாக்க வாணாம்.

— அது மக்கி மண்ணோட சேர்றதுக்கே மாசக்கணக்காவும். புள்ளைங்களுக்கு இப்பவேதானே பசிக்குது? மூணு வருசம் எதுக்குங்க?

— தெனம் கூடை தூக்க உன்னால ஆவாதே.

— நான் எதுக்குத் தூக்கணும்? நீங்க எங்க போறீங்க?

— போளூருக்கு ஆள் புடிக்க வந்த கங்காணிகிட்ட பேரு குடுத்துட்டேன். கண்டிச் சீமை, தேயிலைத் தோட்டம். மூணு வருசம். வர்ற திங்கக்கெழமை கெளம்பணும்.

— மாதாவே! கட்டுன பொண்டாட்டிகிட்ட ஒரு வார்த்தை சொல்லாம!

— சொன்னா அழுவ. எனக்குக் கால் வராது. வேலை குடுங்க, வேலை குடுங்கன்னு வாசவாசலா நின்னு அலுத்துட்டேன் அமலி. நான் இல்லாட்டியும் தோட்டம் உங்க மூணு பேரையும் பாத்துக்கும்னு நம்பித்தான் பேரே குடுத்தேன். இப்ப தரையே வெந்து கெடக்குது.

— அப்படின்னா போவ முடியாதா?

— எப்படிப் போவேன்? உங்கள பட்டினியில வுட்டுட்டு கப்பல் ஏற நான் இன்னா மிருகமா?

— கங்காணிய நீங்க பாத்த சேதிய முனியம்மாக்கா போன வாரமே சொல்லிட்டாங்க. நான் நெசவுக்காரன் பொண்ணுங்க. பட்டு அவிச்ச தண்ணி செடிய இன்னா பண்ணும்னு எனக்குத் தெரியாதா?